துப்பட்டா நுனி

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் தினமும் மத்தியானம் பிள்ளைகள் கைமாறும். புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போவார். ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்பா இறங்குவார். இன்னொரு கம்பெனி பஸ்ஸில் ஏறப்போகிற அம்மா, இடுப்பில் இருக்கும் பிள்ளையை அவர் தோளுக்கு மாற்றுவாள். "குழம்பு அடுப்பு மேல இருக்கு, ஊசி போட்ட எடத்துல ஒத்தடம் குடுங்க" என்று படியில் கால் வைத்தபடியே சொல்லி முடிப்பாள். பஸ் கிளம்பிவிடும். அன்றைய குடும்ப வாழ்க்கை அத்துடன் முடிந்தது. கம்பெனிக்குள் ஒரு ஷிப்ட் இன்னொரு ஷிப்டிடம் மெஷினை ஒப்படைப்பதற்கு ஹேண்டோவர் என்று பெயர். இங்கேயும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எத்தனையோ ஏற்பாடுகள் பிறந்து செத்த பிறகு மிஞ்சிய ஏற்பாடு இது. செல்வலட்சுமி, மாரிராஜ் தம்பதியையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் செல்போனுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் மத்தியான ஷிப்ட், அவன் காருக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனியில் காலை ஷிப்ட். மகள் கவியாவை முதலில் வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி வந்து அது நின்றது. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். காப்பகத்தை மூடிவிட்டு அந்த இடத்தைப் பெண்கள் விடுதி ஆக்கிவிட்டார்கள், அதில்தான் வாடகை அதிகம். கடைசியில் ஊரில் மாரிராஜின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அது ஒரு வருஷம் ஓடியது. திரும்பக் கூட்டிவரப் போனபோது கவியா அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "அம்மாட்ட போட்டீ" என்று அத்தை அவளைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. செல்வலட்சுமி நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அந்த நிமிடத்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

ஆகவே ஹேண்டோவர். ஐந்து வயதுக் கவியாவுக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். ஷிப்ட் மாறாமல் இருக்க இரண்டு பேரும் தத்தம் சூப்பர்வைசரிடம் எத்தனை தடவை பல்லிளித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவன் பஸ் வந்து, அவள் பஸ் கிளம்ப ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. இரண்டு கம்பெனிக்கும் இடையில் யாருக்கும் தெரியாமல் கிடந்த அந்தச் சின்ன இடைவெளியில்தான் இவர்கள் குடும்பம் நடத்தினார்கள்.

கம்பெனிகளும் பிழைக்க வேண்டும் அல்லவா. ஒருவன் செய்வதைப் பார்த்து இன்னொருவன் செய்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ரோட்டில் நெரிசல் என்று செல்வலட்சுமியின் கம்பெனி ஷிப்டை முன்னால் இழுத்தது. பக்கத்துக் கம்பெனி அப்படித்தான் இழுத்திருந்தது. அதே நெரிசலுக்காக மாரிராஜின் கம்பெனி பின்னால் தள்ளியது. அதற்கும் ஒரு பக்கத்துக் கம்பெனி முன்மாதிரியாக இருந்தது. "மாற்றத்துக்கு ஏற்ப மாறுபவரே நிலைப்பர்" என்று பஸ்ஸுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாறச் சொன்னார்களே ஒழிய, இடையில் ஒரு பிள்ளை நிற்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவர்கள் கணக்கில் பிள்ளை என்று ஒன்று இருந்தால்தானே. இப்போது அவள் பஸ் கிளம்பி அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் பஸ் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். கவியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஒரு வாரம் பாப்போம். சரிப்படலன்னா அக்கா வீட்டுக்கே அனுப்பிருவோம்" என்றான் மாரிராஜ்.

சொல்ல செல்வலட்சுமியிடம் வேறு வழியும் இல்லை. தூங்குகிற பிள்ளையின் முதுகு அவ்வளவு விறைப்பாக இருக்காது என்று அன்றைக்கு இருவருக்கும் தோன்றவில்லை.

ஜெர்சி வந்தது அப்போதுதான். ஒரகடத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண். அவளுடைய ஊர் டவுன் பஸ் அவளை நிறுத்தத்தில் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிடும்; அவளுடைய கம்பெனி பஸ் வருவது மாரிராஜின் பஸ்ஸுக்குப் பிறகுதான். செல்வலட்சுமி கண் கலங்கி நின்றதைப் பார்த்து அவளாகவே வந்து கேட்டாள்.

"இன்னாக்கா இதுக்குப் போயி அழுவுற. நான் இங்க சும்மாதான நின்னுகினு இருக்கேன். பாப்பாவ என்னாண்ட வுட்டுப் போ. அண்ணன் வந்தா குடுத்துட்டு ஏறிக்கிறேன்."

அதற்கு அவள் ஒரு பைசா வாங்கவில்லை. கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையைக் கவியா பிடித்து விளையாட விட்டாள். செல்வலட்சுமிக்கு உயிர் திரும்பி வந்தது.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஜெர்சியின் கம்பெனியில் எல்லாப் பெண்களுக்கும் நீலச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. வெயிலுக்கும் லாரித் தூசிக்கும் பயந்து அந்தத் துப்பட்டாவைத் தலையோடும் முகத்தோடும் சுற்றி, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். செல்வலட்சுமியின் பஸ் ஒரு நிமிடம்கூட நிற்காது. நின்றால் டிரைவருக்கு மெமோ. கவியா, "அதோ ஜெர்சி அக்கா" என்று சொல்லிவிட்டு நிழற்குடையின் மறுகோடிக்கு ஓடுவாள். செல்வலட்சுமி சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது நீலச் சுடிதார் ஒன்றின் பக்கத்தில் மகள் நிற்பாள், கையாட்டுவாள். இவளும் கையாட்டுவாள். மாரிராஜ் வந்து இறங்கும்போது அதே கூட்டத்திலிருந்து கவியா அவனிடம் ஓடி வருவாள். அவன் கூட்டத்தைப் பார்த்து நன்றியாக ஒரு தரம் கையை உயர்த்துவான். பெண்பிள்ளைகள் நிற்கிற இடத்துக்குக் கிட்டப் போய்ப் பேசுவது அவனுக்குக் கூச்சம்.

ஆயுத பூஜை கழிந்த வாரம், செல்வலட்சுமியின் பக்கத்து சீட்டில் ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்துவிட்டது. பெயர் சந்தனமாரி. புளியங்குடிக்காரி. இதற்கு முன்னால் நீலச் சுடிதார் கம்பெனியில் இருந்தாளாம்.

"அங்க எங்க ஜெர்சியத் தெரியுமா உனக்கு?" என்று செல்வலட்சுமி ஆசையாகக் கேட்டாள்.

"தெரியாம என்ன. ஒரே லைன்லதான் இருந்தோம். ஒண்ணாத்தான வெளிய அனுப்புனான்."

"யார வெளிய அனுப்புனான்?"

"எங்க செட்டு மொத்தத்தையும்தான். கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டான். விநாயகர் சதுர்த்திக்கு முன்னாலயே போயாச்சே. ஜெர்சி இப்ப வீட்டுலதான் இருக்கா. கல்யாணத்துக்குப் பாக்காங்க."

"வேற ஜெர்சியா இருக்கும். எங்க ஜெர்சி இப்பக்கூட ஸ்டாப்புல நிக்கா. எம் மகளப் பிடிச்சிட்டு நிக்கா. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

"கழுத்துல சின்னதா சிலுவ போட்டிருப்பாளே, சிரிச்சா கண்ணு மூடிக்கிடும், அவதான?"

செல்வலட்சுமி பையைத் துழாவிப் போனை எடுத்தாள். கம்பெனி வாசலில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். அதுவரைதான் அது அவளுடையது. விரல் இரண்டு தடவை வேறு பெயரில் பட்டது. ஜெர்சி உடனே எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுக்கா. பாப்பா எப்படி கீது?"

செல்வலட்சுமிக்கு அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வாய் தன்பாட்டில் கேட்டது.

"நீ எங்க இருக்க?"

"வூட்லதான்க்கா. ஏன், பாப்பா சொல்லலியா? கடைசி நாளே சொல்லிவுட்டேனே. உன் போனு எடுக்கல, மறுநாளு அண்ணன் நம்பருக்குப் போட்டேன். பாப்பாதான் எடுத்துச்சு. அம்மா வேற அக்காவ வச்சிட்டாங்க, அந்தக்கா ரொம்ப நல்லவங்கன்னு சொல்லிச்சு. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, என்ன மறந்துட்டியான்னு கேட்டேன். யக்கா? லைன்ல கீறியா?"

அதற்குள் செல்வலட்சுமி எழுந்து டிரைவர் தாண்டவராயனிடம் போய்விட்டிருந்தாள். பஸ் கொஞ்ச தூரம் போய்ப் பாலத்தின் அடியில் திரும்பி, ரோட்டின் எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருந்தது. தினமும் அப்படித்தான் வரும். நிறுத்தத்துக்கு நேர் எதிராகவே கடந்து போகும். ஆனால் அவள் சீட்டு இடது பக்க ஜன்னல், திரும்பிய பிறகு நிறுத்தம் வலது பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. இறங்கணும்."

"இன்னாமா விளையாடுறியா. நட்ட நடு ரோட்ல எங்க நிறுத்தறது? ஜிபிஎஸ்ல காட்டும்மா."

"எம் பிள்ள தனியா நிக்கு."

தாண்டவராயன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சு பேசாமல் ஓரங்கட்டினார். அவள் இறங்கினாள். பஸ் நகர்ந்தது. எதிரே, ஆறு வழிச் சாலைக்கு அப்பால், அவள் சற்று முன் ஏறிய அதே நிழற்குடை.

நடுவில் இரும்புத் தடுப்பு. கடக்க முடியாது. பாலத்தைச் சுற்றி ஓடலாம், ஆனால் அதுவரை பிள்ளை கண்ணில் படாது. கன்டெய்னர் லாரியும் கார் ஏற்றிப் போகும் நீள டிரெய்லரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று கடந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில்தான் பார்க்க முடிந்தது. முதல் இடைவெளியில் மகளைக் காணவில்லை. இரண்டாவது இடைவெளியில் கண்டாள்.

கவியா தனியாக நிற்கவில்லை. உயரமான ஒரு பெண்ணின் பக்கத்தில், அவளுடைய துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாடா என்று செல்வலட்சுமிக்கு மூச்சு வந்தது. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை சொன்னது உண்மைதான். அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று நினைத்தாள்.

ஒரு டிரெய்லர் கடந்தது. உயரமான பெண் ஏதோ ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவியா கூட்டத்துக்குள் நிதானமாக நடந்தாள். ஒருத்தியைப் பார்த்தாள், வேண்டாம் என்று விட்டாள். இன்னொருத்தி கண்ணாடி போட்டவள். அவள் பின்னால் போய் நின்று துப்பட்டாவின் நுனியைத் தொட்டுப் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை.

இன்னொரு லாரி போனது. இப்போது வேறு ஒருத்தி. அந்தப் பக்கமாக ஒரு ஆள் வந்தான், குனிந்து பிள்ளையிடம் ஏதோ கேட்டான். செல்வலட்சுமி ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். லாரிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கவியா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. தான் பிடித்திருந்த பெண்ணின் காலோடு ஒட்டிக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தாள், அம்மாவைப் பார்க்கிற மாதிரியே. அந்த ஆள் நிமிர்ந்து போய்விட்டான்.

எல்லார் கண்ணுக்கும் அவள் யாருடைய பிள்ளையோ. யாருடைய கண்ணுக்கும் அவள் தனியாக நிற்கிற பிள்ளை அல்ல. ஒரு மாதத்துக்கு மேலாக, தினமும் அரை மணி நேரம், அந்த ஐந்து வயது மகள் இப்படி ஒரு அம்மாவிடமிருந்து இன்னொரு அம்மாவுக்குத் தன்னைத் தானே ஒப்படைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். செல்வலட்சுமிக்கு அழுகைகூட வரவில்லை. தெரியாத ஒருத்தியின் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாரிராஜின் பஸ் வந்தது. கவியா நுனியை விட்டாள், ஓடினாள், சிரித்தாள். மாரிராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு, நீலச் சுடிதார் கூட்டத்தைப் பார்த்து வழக்கம்போல் கையை உயர்த்தினான். கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அவள் பாலத்தின் அடியில் சுற்றி ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவும் மகளும் டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள். கவியாவின் கையில் பன் இருந்தது. மாரிராஜ் எழுந்தான்.

"என்ன நீ இங்க நிக்க? பஸ்ஸ விட்டுட்டியா?"

கவியா அம்மாவைப் பார்த்தாள். வரக்கூடாத நேரத்தில் வந்த அம்மா. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"ஜெர்சி அக்கா இப்பதான் பஸ் ஏறினாங்கம்மா" என்றாள்.

ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அவ்வளவு இயல்பாக வந்தது. செல்வலட்சுமிக்கு லாரிகளுக்கு இடையில் கண்டதைவிட இதுதான் பயமாக இருந்தது.

"நான் அந்தப் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றாள்.

பன் கீழே வைக்கப்பட்டது. மாரிராஜ் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். செல்வலட்சுமி அவனுக்குச் சொன்னாள். ஜெர்சி போய்விட்டதை, போனில் மகள் சொன்னதை, துப்பட்டாக்களை. சொல்லச் சொல்ல அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். சற்று முன் உயர்த்திய கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் யாருக்குட்டி கை காட்டிட்டு இருந்தேன்" என்றான்.

கவியாதான் பேசினாள்.

"நான் ரோட்டுப் பக்கம் போவவே இல்லம்மா. ஒரு தபாகூட போவல. யார்னா சாக்லேட் குடுத்தா வாங்கல. அழுவல."

"ஏண்டி சொல்லல எங்ககிட்ட?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"சொன்னா அத்தை வூட்டுக்கு அனுப்பிடுவீங்க. அங்க இருந்தா எனக்கு உன் மூஞ்சி மறந்துபோவும்."

செல்வலட்சுமி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் தோள் முதலில் இறுகி, பிறகுதான் தளர்ந்தது. டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனை நாள் அவர் கண் முன்னாலேயே இது நடந்தது. அவரைச் சொல்லி என்ன, பெற்றவர்களே ஜன்னலிலிருந்தும் படியிலிருந்தும் கையாட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"அவங்கள்லாம் யாருட்டி? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று மாரிராஜ் கேட்டான்.

"தெரியாது."

"பின்ன எப்படிப் போயிப் பிடிப்ப?"

திட்டு விழவில்லை என்றதும் கவியாவுக்குத் தைரியம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கற்றதை ஒப்பிப்பதுபோல் அக்கறையாகச் சொன்னாள்.

"போன் பாக்குற அக்காவத்தான் பிடிக்கணும்பா. அவங்க கீழ பாக்கமாட்டாங்க. பேசிக்கினு இருக்கிற அக்காவப் பிடிக்கக்கூடாது, கூட இருக்கவங்க பாத்துருவாங்க. ஷால இழுக்கக்கூடாது. சும்மா பிடிச்சிக்கணும். அவங்க நடந்தா கூடவே நடக்கணும்."

"பாத்துட்டாங்கன்னா?"

"சிரிச்சிட்டு, எங்கம்மா அதோ நிக்கிறாங்கன்னு காட்டணும்."

"யாரக் காட்டுவ?"

"யார்னா."

மாரிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆண்பிள்ளை டீக்கடையில் அழக்கூடாது என்று யார் சொல்லிவைத்தார்களோ, அவன் அழுதான். "எங்கயும் அனுப்பல" என்றான். "ஒன்ன எங்கயும் அனுப்பல. சத்தியமா."

"அப்ப நாளைக்கு?" என்று கவியா கேட்டாள்.

நியாயமான கேள்வி. நாளைக்கும் அவள் பஸ் அதே நேரத்துக்குக் கிளம்பும், அவன் பஸ் அதே அரை மணி கழித்து வரும். ஒருத்தர் வேலையை விடலாம். யார் என்று பேச வேண்டும். சூப்பர்வைசரிடம் இன்னொரு தடவை பல்லிளிக்கலாம். வேறு யாராவது ஒரு ஜெர்சி கிடைக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது செல்வலட்சுமியின் போன் அடித்தது. லைன் சூப்பர்வைசர். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. பிறகு வாட்ஸப்பில் வந்தது: ஏன் வரவில்லை, அடுத்த பஸ்ஸிலாவது வருகிறாயா, லைன் நிற்கிறது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை என்று அடித்தாள், அழித்தாள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று அடித்தாள், அதையும் அழித்தாள்.

தலையைத் தூக்கினாள். மாரிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கவியா இல்லை.

செல்வலட்சுமி திடுக்கிட்டுச் சுற்றிலும் தேடினாள். பிறகுதான் கீழே பார்த்தாள். கவியா அவளுக்குப் பின்னால், காலை ஒட்டி, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் துப்பட்டா நுனி அவள் கைக்குள் இருந்தது. இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தாள். எப்போது வந்து பிடித்தாள் என்று செல்வலட்சுமிக்குத் தெரியவில்லை.